கால்வலி போன பிறகும் மனம் ஏன் நிறையவில்லை?

விருதுநகர் மாவட்டத்திலிருந்து 56 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு சாரத்தை மட்டும் தருகிறேன்.

வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவர். சில வருடங்களாக இடுப்பிலிருந்து இரண்டு கால்களுக்கும் வலி இறங்கியது. தெருமுனை போவதற்குள் கால் மரத்துவிடும். எங்காவது உட்கார்ந்து எழுந்தால்தான் மேலே நடக்க முடியும். இடுப்புப் பகுதியில் நான்காவது எலும்பு ஐந்தாவதன்மேல் முன்பக்கமாக நகர்ந்து, நரம்பு போகும் குழாயை நெருக்குகிறது என்று ஸ்கேன் சொன்னது. நகையை அடகு வைத்து, எட்டு மாதங்களுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டார்.

இப்போது கால்வலி இல்லை. கோயில் வரை நடந்தே போகிறார். ஆனால் முதுகு இறுக்கமாக இருக்கிறது, இடது பாதத்தில் லேசான மரப்பு இருக்கிறது. தரையில் உட்காருவதில்லை, குத்துக்கால் இடுவதில்லை, கோலம் போடுவதில்லை. மாவு வியாபாரம் நின்றுவிட்டது. “இவ்வளவு செலவு பண்ணியும் நொண்டியாத்தானே இருக்கே” என்று நாத்தனார் சொன்னது மனதில் முள்ளாக நிற்கிறது. எலும்பைச் சுரண்டி விடுவார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். நான்கு ஸ்க்ரூ போட்டிருப்பது பிறகு எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. விவரமெல்லாம் கணவரிடம் சொன்னார்கள், கையெழுத்தும் கணவர்தான் போட்டார். ஆறாம் மாதம் ஒரு இளம் டாக்டர் படிவத்தில் கேள்விகள் கேட்டு, 45க்கு 8, 18 சதவீதம், நல்ல முன்னேற்றம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அவர் கேட்பது மூன்று. அறுவை தோற்றுவிட்டதா? உடம்பில் இரும்பு இருந்தால் சூடு என்கிறார்களே, எடுத்துவிடலாமா? என்னிடம் சொல்லாமல் செய்ததற்கு புகார் கொடுக்க முடியுமா?

அம்மா, நான் அறுவை செய்கிற மருத்துவர் அல்ல. அறுவை முடிந்து வருகிறவர்களை மறுபடி நடக்கவும் வேலை செய்யவும் பழக்குகிற மறுவாழ்வு மருத்துவப் பிரிவைச் சேர்ந்தவள். அதனால் உங்களுக்கு அறுவை செய்தவருக்காக வாதாட வேண்டிய தேவை எனக்கு இல்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அறுவை தோற்றதாகத் தெரியவில்லை. ஆனால் உங்கள் மனக்குறையும் பொய்யில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். அது எப்படி என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

உங்களுக்குச் செய்த அறுவையின் முதல் நோக்கம் கால். நெருக்கப்பட்ட நரம்புக்கு இடம் கொடுப்பது, நகர்ந்த எலும்பு மேலும் நகராமல் ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து இரண்டு எலும்பையும் ஒன்றாகச் சேர விடுவது. இந்த வகை அறுவையில் கால்வலி குறைகிற அளவுக்கு இடுப்பு வலி குறைவதில்லை. மரப்பு எல்லாவற்றையும் விட மெதுவாகப் போகும், சிலருக்கு மிச்சம் கொஞ்சம் தங்கிவிடும். இதை அறுவைக்கு முன்பே யாராவது உங்கள் எதிரில் உட்கார்ந்து சொல்லியிருந்தால், இன்று கோயில் வரை நடப்பதை நீங்கள் வெற்றி என்று எண்ணியிருப்பீர்கள். சொல்லாததால் முதுகின் இறுக்கமே பெரிதாகத் தெரிகிறது. ஒருவர் தன் அறுவையில் திருப்தி அடைவதற்கும் அறுவைக்கு முன் அவர் எதை எதிர்பார்த்தார் என்பதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்று பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. உங்களிடம் அந்த எதிர்பார்ப்பை யாரும் கேட்கவே இல்லை.

அந்தப் படிவம் கேட்காதது

உங்களிடம் நிரப்பியது அநேகமாக ஆஸ்வெஸ்ட்ரி படிவமாக இருக்கும். ஆஸ்வெஸ்ட்ரி என்பது இங்கிலாந்தில் ஓர் ஊர். அங்கே உருவாகி 1980இல் வெளியான இந்தப் படிவம் இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது, தமிழிலும் இருக்கிறது. பத்துப் பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 5 வீதம் மொத்தம் 50 மதிப்பெண். கூடக் கூட சிரமம் அதிகம் என்று பொருள். 20 சதவீதம் வரை இருந்தால் ‘குறைந்த சிரமம்’ என்று கணக்கு. அதனால்தான் உங்கள் 18ஐப் பார்த்து டாக்டர் மகிழ்ந்தார்.

அது நல்ல படிவம்தான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதில் உட்காருவது பற்றிய கேள்வி முழுக்க நாற்காலியைச் சுற்றியே போகிறது. எந்த நாற்காலியிலும் வேண்டிய நேரம் உட்கார முடிகிறதா, பிடித்த நாற்காலியில் மட்டும்தானா என்று கேட்கும். தரை வருவது கனமான பொருளைத் தரையிலிருந்து தூக்குவது பற்றிய இடத்தில்தான். சம்மணமிட்டு உட்கார்ந்து எழ முடிகிறதா, குத்துக்காலிட்டு கழிப்பறை போக முடிகிறதா, வாசலில் குனிந்து பெருக்க முடிகிறதா, சாமி முன்னால் விழுந்து கும்பிட முடிகிறதா என்ற கேள்விகள் அதில் கிடையாது. உங்கள் ஒரு நாளில் பாதி தரையோடு கழிகிறது. அந்தப் பாதிக்கு மதிப்பெண் போடாமலே 18 வந்திருக்கிறது.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கொரியாவிலும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையில் படுத்துப் பழகியவர்கள் அதிகம். அங்குள்ள முதுகெலும்பு மருத்துவர்கள் இதே குறையைக் கண்டு, தரையில் உட்காருவது, கழிப்பறையில் சுத்தம் செய்துகொள்வது போன்றவற்றைக் கேட்கும் தனிப் படிவமே உருவாக்கினார்கள். என்னிடம் வருகிற முஸ்லிம் பெரியவர்கள் பலர் முதலில் கேட்பது வலியைப் பற்றி அல்ல, “தொழுகையில் சஜ்தா (நெற்றியைத் தரையில் வைத்து வணங்குவது) செய்யலாமா?” என்றுதான். அதற்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதை வைத்தே அவர்கள் தங்கள் அறுவையை எடைபோடுகிறார்கள். எனக்கு அது முற்றிலும் நியாயமான அளவுகோலாகப் படுகிறது.

இன்னொன்று. பத்துப் பகுதி இருந்தும் உங்களுக்கு 50க்குப் பதில் 45க்குத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதாவது ஒரு கேள்வி விட்டுப் போயிருக்கிறது. அது தாம்பத்தியம் பற்றிய கேள்வியாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். நம் பெண்கள் பெரும்பாலும் விடுவது அதைத்தான், கேட்பவர்களும் கூச்சப்பட்டுத் தாண்டிவிடுகிறார்கள். அறுவை ஆனதிலிருந்து கணவர் ஹாலில்தான் படுக்கிறார் என்று கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அது ஓரத்தில் இருக்க வேண்டிய விஷயமில்லை. எட்டு மாதம் ஆகி, எலும்பும் சேர்ந்திருந்தால், கணவனும் மனைவியும் ஒரே அறையில் படுப்பதற்கோ தாம்பத்தியத்துக்கோ தடை எதுவும் இல்லை. முதுகுக்குச் சிரமம் தராத நிலைகளைப் பெண் பிசியோதெரபிஸ்டிடம் கேட்கலாம். அவர்கள் இதைப் பேசிப் பழகியவர்கள்.

“பரவாயில்லை டாக்டர்”

ஒவ்வொரு முறையும் டாக்டர் “எப்படி இருக்கு?” என்று கேட்டதற்கு “பரவாயில்லை” என்றுதான் சொன்னேன், குறை சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று பயம் என்கிறீர்கள். உங்கள் தலைமுறைப் பெண்கள் பலரிடம் இதைப் பார்க்கிறேன். நம்மைக் குணமாக்க நினைத்தவர் முகம் வாடக் கூடாது என்ற நல்ல எண்ணம் அது. ஆனால் விளைவு என்ன ஆகிறது என்றால், டாக்டருடைய ஏட்டில் நீங்கள் திருப்தியான நோயாளி, வீட்டில் நீங்கள் அழுகிற நோயாளி. நடுவில் இருக்கிற செய்தி அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. ‘முதுகு எப்போதும் இறுக்கமாக இருக்கிறது, தரையில் உட்கார முடியவில்லை, பாதம் மரத்திருக்கிறது’ என்று சொல்வது குறை கூறுவது ஆகாது. மருத்துவருக்கு வேண்டிய தகவல் அதுதான்.

கணவர் விஷயத்திலும் நான் கொஞ்சம் அவர் பக்கம் பேச வேண்டும். ஸ்க்ரூ என்று சொன்னால் நீங்கள் பயந்து வேண்டாம் என்பீர்கள், கால் இன்னும் மோசமாகிவிடும் என்று அவர் நினைத்திருக்கலாம். வீட்டில் ஒருவர் கெட்ட செய்தியைத் தாங்கிக்கொண்டு மற்றவரைக் காப்பது நம் குடும்பங்களில் அன்பின் ஒரு வடிவம்தான். ஆனால் உடம்பு உங்களுடையது. மறைத்த செய்தி எக்ஸ்ரேயில் வெளிப்பட்டபோது, வலி குறைந்த நிம்மதியை விட ஏமாந்த உணர்வு மேலெழுந்துவிட்டது. இதை அவரிடம் கோபமாக இல்லாமல், ஆனால் நேராகவே சொல்லுங்கள்.

உறவினர்களின் பேச்சு வேறு. முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்ற பயம் நம் ஊர்களில் ஆழமாக இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கெட்டுப்போன கதை கொண்டு வருகிறார்கள். நன்றாக ஆனவர்கள் வேலைக்குப் போய்விடுவதால் அவர்கள் கதை யாருக்கும் தெரிவதில்லை. அந்தப் பயத்தில்தான் உங்களை மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை, பெல்ட்டை இன்றுவரை கழற்ற விடவில்லை. பருப்பும் முட்டையும் மீனும் புண்ணில் சீழ் வைக்கும் என்று பத்தியம் வேறு. அக்கறையால் செய்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். புண் ஆறவும் தசை ஊறவும் புரதம் அவசியம், அது பருப்பிலும் முட்டையிலும் மீனிலும்தான் இருக்கிறது. வேறு நோய்க்காக டாக்டர் தடுத்திருந்தால் ஒழிய இன்றிலிருந்தே சாப்பிடுங்கள். நீண்ட படுக்கையும் மாதக்கணக்கில் போட்ட பெல்ட்டும் முதுகுத் தசையை வேலை செய்ய விடாமல் வைத்திருக்கும். உங்கள் இறுக்கத்தில் கணிசமான பங்கு ஸ்க்ரூவால் வந்ததல்ல, அசையாமல் இருந்ததால் வந்தது என்பது என் கணிப்பு.

தரைக்குத் திரும்புவது

நீங்கள் இரண்டு எலும்புகள் சேர்ந்துவிட்டதால் இனி குனியவே முடியாது என்று நினைக்கிறீர்கள். அப்படியில்லை. இடுப்புப் பகுதியில் ஐந்து எலும்புகள் இருக்கின்றன, அவற்றுக்கிடையே பல மூட்டுகள் அசைகின்றன. உங்களுக்கு நிறுத்தியது அதில் ஒன்றை மட்டும். அதுவும் ஏற்கெனவே கெட்டுப்போன இடம். சம்மணமிடுவதற்கும் குத்துக்காலிடுவதற்கும் பெரும்பங்கு வேலை செய்வது தொடை மூட்டும் முழங்காலும்தான். உங்களைப் போல ஒரே ஒரு மட்டத்தில், அதாவது அடுத்தடுத்த இரண்டு எலும்புகளை மட்டும் சேர்த்த நோயாளிகளை அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்தபோது, முதுகு இறுக்கத்தால் வரும் அன்றாடச் சிரமம் அறுவைக்குப் பின் கூடவில்லை, குறைந்தே இருந்தது. நான்கைந்து மட்டங்களைச் சேர்த்தவர்களின் நிலை வேறு, அவர்களுக்கு இறுக்கம் உண்மையாகவே தொல்லை தரும்.

முதலில் அறுவை செய்தவரிடம் போய் ஒரு எக்ஸ்ரே எடுத்து, எலும்பு சேர்ந்துவிட்டதா என்று கேளுங்கள். பொதுவாக அதற்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகும். மாதவிடாய் நின்ற வயதில் எலும்பு பலவீனமாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் வைட்டமின் டி அளவும் பார்த்துவிடுவது நல்லது. சர்க்கரை இருந்தால் அதையும் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

அவர் சரி என்றதும் பிசியோதெரபிஸ்டிடம் ‘முதுகுவலிக்கு வந்திருக்கிறேன்’ என்று சொல்லாதீர்கள். “நான் தரையில் உட்கார்ந்து எழ வேண்டும், மாவு வாளி தூக்க வேண்டும்” என்று சொல்லுங்கள். அப்போதுதான் அவர் கரண்டு வைத்து அனுப்பாமல் அதற்கான பயிற்சியைக் கொடுப்பார். பெரும்பாலும் இப்படிப் போகும்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, அப்புறம் அதைவிடத் தாழ்ந்த ஸ்டூல், பிறகு உயரமான மணை, கடைசியில் தரையில் ஒரு தலையணை. எழும்போது நேராகத் துள்ளி எழக் கூடாது. ஒரு பக்கமாகத் திரும்பி, முட்டியிட்டு, ஒரு காலை முன்வைத்து, பக்கத்திலிருக்கும் நாற்காலியைப் பிடித்து எழ வேண்டும். கூடவே தொடை மூட்டைத் தளர்த்தும் பயிற்சிகளும் வயிறு, முதுகுத் தசைகளுக்கான பயிற்சிகளும் இருக்கும். பெல்ட்டை ஒரே நாளில் தூக்கிப் போட வேண்டாம், தினமும் நேரத்தைக் குறைத்து விடலாம்.

கோலத்துக்கு இப்போதைக்குத் தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து சின்னதாகப் போடுங்கள். விழுந்து கும்பிடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். கழிப்பறையில் மட்டும் பிடிவாதம் வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. முழங்கால் தேய்கிற வயது இது. இருக்கிற பீங்கான்மேலேயே வைக்கக்கூடிய கமோடு நாற்காலி மருந்துக் கடைகளில் கிடைக்கும். சுவரில் ஒரு கைப்பிடியும் பொருத்திக்கொண்டால் இரவில் பயமில்லை.

மாவு வியாபாரத்தை விட வேண்டாம். அதில் நீங்கள் சம்பாதித்தது பணம் மட்டுமல்ல என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. கிரைண்டரை இடுப்பு உயரத்துக்கு மேடையில் வையுங்கள். பெரிய வாளிக்குப் பதில் சின்னப் பாத்திரங்கள், இரண்டு கையாலும் உடம்போடு அணைத்துத் தூக்குவது, தூக்கியபடி இடுப்பைத் திருகாமல் காலை நகர்த்தித் திரும்புவது. இடுப்பில் குடம் வைத்துச் சாய்ந்து நடப்பது மட்டும் இனி வேண்டாம். முதலில் வாரத்துக்கு இரண்டு நாள் என்று ஆரம்பிக்கலாம்.

ஸ்க்ரூவை எடுக்கலாமா?

உடம்புக்குள் வைப்பது பெரும்பாலும் டைட்டானியம். அதனால் சூடு ஏறுவதில்லை, துருப்பிடிப்பதில்லை. ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலோ, கிருமி பிடித்திருந்தாலோ, தவறான இடத்தில் நரம்பை இடித்தாலோ எடுப்பது பற்றிப் பேசலாம். எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சிடி ஸ்கேன், அதைக் காட்டிவிடும். வெறும் இறுக்கத்துக்காக எடுத்தால் இன்னொரு மயக்க மருந்து, இன்னொரு வெட்டு, இன்னொரு செலவு. இறுக்கம் அப்படியே இருக்கும். எலும்பு சேர்வதற்குள் எடுத்தால் மறுபடி நகரும் ஆபத்தும் உண்டு. யாராவது இரண்டாவது அறுவைக்கு அவசரப்படுத்தினால், வேறொரு முதுகெலும்பு மருத்துவரிடம் கருத்து கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கையெழுத்தும் புகாரும்

இதில் சட்டம் உங்கள் பக்கம் தெளிவாக இருக்கிறது. சுயநினைவோடு இருக்கிற, வயது வந்த ஒருவருக்கு அறுவை செய்ய அவருடைய சம்மதம்தான் வேண்டும். 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. பரிசோதனைக்காக மயக்கம் கொடுத்த பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கி கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது தாயின் கையெழுத்து செல்லாது என்றது நீதிமன்றம். என்ன சிகிச்சை, என்ன பலன், வேறு வழி உண்டா, முக்கிய ஆபத்துகள் என்ன என்பதையும் நோயாளிக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் முதலில் காகிதத்தைப் பாருங்கள். மருத்துவமனையில் சேரும் நாளில் நீட்டிய காகிதக் கட்டுக்குள் நீங்களும் எங்காவது கையெழுத்துப் போட்டிருக்கக் கூடும். மருத்துவமனைக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்தால் 72 மணி நேரத்துக்குள் உங்கள் பதிவுகளின் நகலைத் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. உங்கள் சம்மதமே இல்லை என்று அதில் தெரிந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். எட்டு மாதம்தான் ஆகியிருப்பதால் அவகாசம் இருக்கிறது. சம்மதம் வாங்காதது ஒரு குறை, அறுவையைத் தவறாகச் செய்தது வேறொரு குறை. இரண்டாவதற்கு உங்கள் கடிதத்தில் அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. வழக்கில் உங்கள் கணவரும் பதில் சொல்ல வேண்டி வரும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதி, விளக்கம் கேட்டு, அந்த டாக்டரே உங்களிடம் உட்கார்ந்து பேசினால் போதும் என்று தோன்றினால், அதுவும் உங்கள் உரிமைதான். வழக்கு வேண்டும் என்று தோன்றினால் பதிவுகளோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், முடிவு உங்களுடையது.

அடுத்த முறை ஓபிக்குப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எலும்பு சேர்ந்ததா, பெல்ட்டை எப்போது விடலாம், தரையில் எப்போது உட்காரலாம், எவ்வளவு எடை தூக்கலாம், பாதத்து மரப்பு எவ்வளவு போகும். கணவர் பக்கத்தில் இருக்கட்டும், கேள்விகளை நீங்களே கேளுங்கள். நாத்தனாரையும் ஒருமுறை கூட்டிப்போகலாம் என்பேன். டாக்டர் வாயால் கேட்டால் அவர் பயமும் கொஞ்சம் குறையும்.

அந்த நாள் வரை காத்திருக்கக் கூடாதவையும் சில உண்டு. காலில் புதிதாகப் பலம் குறைந்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, தெரியாமல் சிறுநீரோ மலமோ போனாலோ, தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்தாலோ அன்றே, இரவானாலும், அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். காய்ச்சலோடு தழும்பு சிவந்து நீர் வடிந்தாலும் தாமதிக்காமல் உடனே காட்ட வேண்டும்.